ராடுக்குக் கீழே படுத்த பிறகு யாரை நம்புவது: ஸ்பாட்டரையா, ராக்கையா?

பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடை மாட்டிய ராடை மார்பிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் அடிக்கப்போகிறவர் "அண்ணா, ஒரு ஸ்பாட் குடுங்க" என்று கேட்கும்போது, இரண்டு வேலைகளை ஸ்பாட்டராக, அதாவது பக்கத்தில் நின்று காக்கிறவராக, வரும் ஒரே ஆளின் கையில் கொடுக்கிறார். கடைசி ரெப் (ஒருமுறை இறக்கி ஏற்றுவது) பாதியில் நின்றுவிட்டால் கொஞ்சம் தூக்கிவிடுவது ஒன்று. ராடு கையைவிட்டு நழுவினாலோ மார்புத் தசை கிழிந்தாலோ முழு எடையையும் பிடித்து நிறுத்துவது இன்னொன்று. முதல் வேலையை ஓரளவு கவனமுள்ள எந்த ஸ்பாட்டரும் நன்றாகச் செய்துவிடுவார். இரண்டாவது வேலை மிக நல்ல ஸ்பாட்டராலும் பெரும்பாலும் முடியாது. இங்கே ஸ்பாட்டர், பவர் ராக், ஸ்ட்ராப், ஸ்பாட்டர் ஆர்ம், ஸ்மித் மெஷின் எல்லாவற்றையும் இந்த இரண்டு வேலைகளை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறோம்.

மனித ஸ்பாட்டர்

80 கிலோவில் எட்டாவது ரெப் மார்புக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தூக்குகிறவரின் கையில் பலம் அடியோடு போய்விடவில்லை. அந்த நொடியிலும் அவர் எழுபது, எழுபத்தைந்து கிலோ அளவுக்கு உந்திக்கொண்டுதான் இருக்கிறார். குறைவது ஐந்தோ பத்தோ கிலோ. அதை மட்டும் ஸ்பாட்டர் கொடுத்தால் ராடு மேலே போய்விடும். தன்னைவிட மிக அதிக எடை தூக்குகிறவருக்குக்கூட ஒல்லியான ஒருவர் ஸ்பாட் கொடுக்க முடிவதன் ரகசியம் இதுதான்.

ராடு நழுவும்போது கதை வேறு. கையை முழுதாக நீட்டிய நிலையில் ராடுக்கும் மார்புக்கும் நடுவே ஆளின் கை நீளத்தைப் பொறுத்து 35 செ.மீ. அளவில் இடைவெளி இருக்கும். தடையில்லாமல் விழும் பொருள் இந்தத் தூரத்தைக் கடக்கக் கால் வினாடிக்குச் சற்று மேல் ஆகும். கண்ணால் பார்த்துக் கை அசையத் தொடங்கவே மனிதருக்கு ஏறக்குறைய 0.2 வினாடி வேண்டும். அதற்குள் ராடு 20 செ.மீ. இறங்கியிருக்கும். மீதி 15 செ.மீ.க்குள், குனிந்து கையை முன்னால் நீட்டிய நிலையில், வேகமெடுத்த 100 கிலோவை ஸ்பாட்டர் நிறுத்த வேண்டும். முடியாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, உடலின் அமைப்பு அப்படி.

நடந்தவையும் இதையே காட்டுகின்றன. 2009 செப்டம்பரில் சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஸ்டஃபோன் ஜான்சன் பெஞ்ச் பிரஸ் செய்துகொண்டிருந்தபோது 275 பவுண்டு, அதாவது சுமார் 125 கிலோ ராடு நழுவித் தொண்டையில் விழுந்தது. பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தும் தடுக்க முடியவில்லை. பல மணி நேர அறுவை சிகிச்சைக்குப் பிறகே பிழைத்தார். 2023 ஜூலையில் பாலித் தீவில் ஓர் உடற்பயிற்சியாளர் 210 கிலோ ஸ்குவாட்டில், அதாவது ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சியில், எழ முடியாமல் உட்கார்ந்துவிட, ராடு கழுத்தை அழுத்தி உயிர் போனது. அவருக்குப் பின்னாலும் ஸ்பாட்டர் ஒருவர் நின்றிருந்தார்.

ஆகவே, சிக்கிக்கொண்ட ரெப்புக்கு ஸ்பாட்டரை நம்பலாம். விழும் எடைக்கு நம்பக்கூடாது. இதைப் புரிந்துகொண்டு வைத்துக்கொண்டால் ஸ்பாட்டரால் கிடைக்கும் நன்மை பெரிது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் ஸ்பாட்டர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்தும் கண்ணெதிரே நிறுத்தியும் பெஞ்ச் பிரஸ் செய்யச் சொன்னார்கள். கண்ணெதிரே நின்றபோது தூக்கியவர்கள் கூடுதல் ரெப் அடித்தார்கள். பக்கத்தில் ஆள் நிற்கும் தைரியமே ஒரு பலம்.

ஆனால் நம் ஜிம்களில் அதிகம் காணப்படும் ஸ்பாட் வேறு ரகம். முதல் ரெப்பிலிருந்தே ராடில் இரண்டு விரலை வைத்து, "ஏத்து, ஏத்து, நீயேதான் தூக்குற" என்று கத்திக்கொண்டே இழுப்பது. இதில் யார் எவ்வளவு தூக்கினார் என்று இருவருக்கும் தெரியாது. நோட்டில் 90 கிலோ 6 ரெப் என்று எழுதியவர் அடுத்த வாரம் ஆள் இல்லாமல் அதே எடையை ஏற்றுவார். சிக்கல் தொடங்குவது அங்கே. தொட்ட ரெப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சர்வதேச பவர்லிஃப்டிங் போட்டி விதிப்படி, தூக்கும்போது ஸ்பாட்டர் ராடைத் தொட்டுவிட்டால் அந்த முயற்சியே செல்லாது.

பெஞ்ச் பிரஸுக்கு முறையான ஸ்பாட் இப்படி: தூக்குகிறவரின் தலைக்குப் பின்னால், முடிந்த அளவு நெருக்கமாக நிற்க வேண்டும். தள்ளி நின்றால் கை முன்னால் நீண்டு, சொந்த இடுப்புதான் முதலில் விட்டுக்கொடுக்கும். முழங்காலை லேசாக மடக்கி, முதுகை நேராக வைத்து, ஒரு கை மேலாகவும் ஒரு கை கீழாகவும் தூக்குகிறவரின் கைகளுக்கு உள்பக்கம் ராடைப் பிடிக்கலாம். ஸ்டாண்டிலிருந்து ராடை எடுத்துக் கொடுக்கும்போது மேல்நோக்கி அதிகம் இழுக்கக்கூடாது. இழுத்தால் தூக்குகிறவர் பின்னுக்கு இழுத்து இறுக்கி வைத்த தோள்பட்டை கழன்று முன்னால் வந்துவிடும், அந்த செட் (தொடர்ந்து அடிக்கும் ரெப்புகள்) முழுதும் கெடும். கொக்கியைத் தாண்டும் அளவு தூக்கி, தோளுக்கு நேர் மேலே கொண்டுவந்து, அவர் கையில் முழு எடையும் இறங்கியது தெரிந்த பிறகு விட வேண்டும். அதன்பின் ராடைத் தொடாமல், உள்ளங்கையை மேல்நோக்கி ராடுக்கு மிக அருகிலேயே கூடவே கொண்டுபோக வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் ஸ்பாட்டர் இல்லை.

எப்போது எடுப்பது? மெதுவாக ஏறினாலும் ஏறிக்கொண்டிருக்கும் வரை தொடக்கூடாது. நின்றுவிட்டால் ஒரு நொடி பார்க்கலாம். ஒரு விரல் அளவு கீழே இறங்கினால் உடனே எடுக்க வேண்டும், சொல்லுக்காகக் காத்திருக்கக்கூடாது. எடுத்த பிறகு தூக்குகிறவர் கையை விட்டுவிடக்கூடாது. கொக்கியில் இரு பக்கமும் உட்காரும் வரை அவரும் தள்ள வேண்டும். பாதியில் "போதும்" என்று அவர் கையைத் தளர்த்துவதுதான் ஸ்பாட்டர் எதிர்பார்க்காத நொடி.

இதெல்லாம் செட்டுக்கு முன்னால் பேச வேண்டியவை. "எட்டு அடிக்கப்போறேன். ஆறுக்கு மேல டவுட். எடுத்துக் குடுங்க, மூணு எண்ணுவேன். 'எடு'ன்னு சொன்னா எடுங்க, அதுக்கு முன்னாடி கை வைக்க வேண்டாம்." இவ்வளவு சொல்லப் பத்து நொடி போதும். அலைபேசியை மடக்கிப் பையில் போடாத ஆளிடம் கேட்கவே வேண்டாம்.

ஸ்குவாட்டில் ஒற்றை ஸ்பாட்டரின் மதிப்பு இன்னும் குறைவு. பின்னால் நிற்பவர் அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்து மார்போடு அணைத்துத் தூக்க வேண்டும், கூடவே உட்கார்ந்து கூடவே எழ வேண்டும். இடுப்பைப் பிடித்தால் மேல் உடம்பு முன்னால் சாயும். 100 கிலோவுக்கு மேல் போனால் இந்த முறையை நம்ப வேண்டாம். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் நிற்பது மேல், ஆனால் இருவரும் ஒரே நொடியில் எடுக்க வேண்டும். ஒருவர் முந்தினால் ராடு சாயும், மொத்த எடையும் மற்றவர் பக்கம் போகும், நடுவில் இருப்பவரின் முதுகு முறுக்கப்படும். போட்டிகளில் மேடையில் குறைந்தது 2, அதிகபட்சம் 5 பேர் நிற்க விதி இருக்கிறது. அவர்கள் அதையே வேலையாகப் பழகியவர்கள். மாலை ஏழு மணிக் கூட்டத்தில் அப்படி ஐந்து பேரை எங்கே தேடுவது?

டம்பல்ஸ் பிரஸுக்கு முழங்கையைத் தாங்குவது பரவலான தவறு. முழங்கையைத் தள்ளும்போது முன்கை மடங்கினால் டம்பல் நேராக முகத்துக்கு வரும். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் பிடியுங்கள்.

தரையிலிருந்து ராடை எடுக்கும் டெட்லிஃப்ட், ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் மூன்றுக்கும் ஸ்பாட்டரே கூடாது. 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய வேலூர் சதீஷ் சிவலிங்கத்தின் தூக்கல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேடையில் அவரைச் சுற்றி ஆளே இருக்காது. எடை தப்பினால் முன்னாலோ பின்னாலோ விட்டுவிட்டு நகர்வதுதான் அந்த விளையாட்டின் பாதுகாப்பு. ரப்பர் பிளேட்டும் மரமேடையும் அதற்காகவே. உதவப்போகிறேன் என்று உள்ளே நுழைகிறவர்தான் அடிபடுவார்.

சாதாரண பெஞ்ச்

பெரும்பாலான ஜிம்களில் இருப்பது இதுதான்: இரண்டு தூண், இரண்டு கொக்கி, நடுவில் பெஞ்ச், கீழே தடுப்பு எதுவும் இல்லை. இங்கே உலோகம் எந்தப் பாதுகாப்பும் தராததால் இரண்டு வேலையும் ஸ்பாட்டர் தலையில். ஆள் இல்லாமல் இதில் கடைசி ரெப் வரை போகாதீர்கள். இன்னும் இரண்டு ரெப் பாக்கி இருக்கிறது என்று தோன்றும்போதே வைத்துவிடுங்கள்.

சிக்கிக்கொண்டால் வழி இரண்டு. எடை குறைவென்றால் மார்பிலிருந்து வயிற்றின் மேல் உருட்டி இடுப்புக்குக் கொண்டுபோய் எழுந்து உட்காரலாம். வயிற்றை இறுக்கிக்கொண்டால் அறுபது கிலோ வரை தாங்கக்கூடும், வலிக்கும். எடை அதிகமென்றால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டை நழுவ விடுவது. இதற்கு பிளேட்டை நகராமல் பிடிக்கும் லாக் போட்டிருக்கக்கூடாது. ஒரு பக்கம் காலியானதும் மறுபக்கம் ராடு கவண் போல வீசி எழும், பக்கத்துப் பெஞ்சில் இருப்பவரையும் தாக்கும். நெருக்கமான ஜிம்மில் இதை ஒரு திட்டமாகவே எண்ண வேண்டாம்.

கட்டைவிரலை ராடைச் சுற்றிப் போடாமல் பிடிப்பதும் இந்தப் பெஞ்சில் அறவே வேண்டாம். நழுவுவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. போட்டி விதியும் கட்டைவிரல் சுற்றியிருக்க வேண்டும் என்றே சொல்கிறது.

பவர் ராக்: பின்னும் பைப்பும்

நான்கு தூண், இரு பக்கமும் குறுக்கே போகும் தடுப்பு. விழும் எடையை நிறுத்தும் வேலைக்கு இதற்கு இணையாக இன்னும் ஒன்று வரவில்லை. ஆனால் தடுப்பைச் சரியான உயரத்தில் வைத்தால் மட்டும். ஸ்குவாட் உயரத்தில் விட்டுப்போன தடுப்பை மாற்றாமல் அதற்குள் பெஞ்சைப் போட்டு அடிப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ராக் இருந்தும் இல்லாததுதான்.

பெஞ்சுக்கு உயரம் வைக்கும் முறை: வெறும் ராடை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செட் அடிப்பது போலவே தோளை இறுக்கி, மார்பை உயர்த்திப் படுத்து ராடை மார்பில் வையுங்கள். அப்போது ராடுக்குக் கீழே தடுப்பு 2 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். இனி உடலைத் தளர்த்துங்கள். மார்பு இறங்கி, ராடு தடுப்பில் உட்கார வேண்டும். கடைசியாக ராடைக் கழுத்துக்கு மேலே உருட்டிப் பாருங்கள். தொண்டைக்கும் ராடுக்கும் இடையே விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையைச் செய்யாதவரை மற்ற இரண்டும் போதாது.

இங்கேதான் துளைகளின் இடைவெளி முக்கியமாகிறது. 50 மி.மீ. இடைவெளி உள்ள ராக்கில் ஒரு துளையில் தடுப்பு மார்பை இடிக்கும், அடுத்ததில் கழுத்துக்கு இடம் போதாது. பெஞ்ச் உயரப் பகுதியிலாவது 25 மி.மீ. இடைவெளி உள்ளதை வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதென்றால் பெஞ்சின் எல்லாக் கால்களுக்கும் கீழே 2 செ.மீ. கடினமான ரப்பர் விரிப்பு போட்டு உயர்த்தலாம். ஒரு பக்கம் மட்டும் போட்டால் பெஞ்ச் ஆடும்.

ஸ்குவாட்டுக்குச் சுலபம். வழக்கமான ஆழத்துக்கு இறங்கி நில்லுங்கள், ராடுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே தடுப்பு. எழ முடியாதபோது முன்னால் சாயாமல், நெஞ்சை நிமிர்த்தியபடி இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தால் ராடு தடுப்பில் நிற்கும். 40 கிலோவில் இதை வேண்டுமென்றே நான்கைந்து முறை செய்து பழகிக்கொள்ளுங்கள். முதல் முறை தோற்பது 140 கிலோவில் நடக்கக்கூடாது.

தடுப்பில் மூன்று வகை. துளைக்குள் நேராகப் போகும் வெறும் கம்பி (பின்) மலிவு, ஆனால் ராடின் சுரசுரப்பைத் தின்றுவிடும். பைப்புக்குள் கம்பி போகும் வகை அதைவிட உறுதி. பிளாஸ்டிக் பட்டை ஒட்டிய தட்டைத் தடுப்பு ராடுக்கு நல்லது, மாற்றவும் சுலபம்.

வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. 20 கிலோ ஒலிம்பிக் ராடின் மொத்த நீளம் 2.2 மீட்டர், பிளேட் உட்காரும் பகுதிகளுக்கு நடுவே 1.31 மீட்டர். ஆகவே ராக்கின் வெளி அகலம் 120 செ.மீ. அளவில் இருந்தால்தான் ராடு கை நசுங்காமல் உட்காரும். தூணுக்கு 75 மி.மீ. சதுரக் குழாய், சுவர்த் தடிமன் 3 மி.மீ. கேளுங்கள். 2 மி.மீ. குழாய் நின்ற எடையைத் தாங்கும், விழும் எடைக்குத் துளையைச் சுற்றி நெளியும். நான்கு தூண்களையும் ஒன்றாகக் கட்டி அடுக்கித் துளை போடச் சொல்லுங்கள். தனித்தனியாகக் குறித்துப் போட்டால் இடமும் வலமும் அரை சென்டிமீட்டர் மாறி, ராடு ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே ராடை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஸ்ட்ராப் தடுப்பு

இரும்புக்குப் பதில் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் நடுவே தொங்கும் தடித்த நைலான் பட்டை. எங்கள் தேர்வு இதுதான், வீட்டில் வைத்திருப்பவர்களுக்குக் குறிப்பாக. காரணத்தைக் கணக்கே சொல்லும். 100 கிலோ 35 செ.மீ. விழுந்து இரும்பில் 1 செ.மீ.க்குள் நின்றால் சராசரி விசை எடையைப் போல் 36 மடங்கு. பட்டை 7 செ.மீ. தொய்ந்து நிறுத்தினால் 6 மடங்கு. நிஜத்தில் ராடும் வளைந்து கொடுப்பதால் இரும்பின் மேல் விழும் அடி கொஞ்சம் குறையும், ஆனாலும் வித்தியாசம் பெரிது. ராடும் தப்பும், ராக்கும் தப்பும், கீழ்வீட்டுக்காரரின் தூக்கமும் தப்பும்.

அதே தொய்வுதான் அதன் குறையும். நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்கும், எடை விழுந்தால் இன்னும் தாழும். ஆகவே கழுத்துச் சோதனையை வெறும் ராடில் செய்து திருப்தி அடையக்கூடாது. 60 கிலோ ஏற்றி, ஆள் படுக்காமல் பெஞ்ச் மட்டும் வைத்து, பட்டையில் இறக்கிவிட்டு உயரத்தை அளந்து பாருங்கள். இரும்புத் தடுப்பைவிட ஒரு துளை மேலே வைக்க வேண்டி வரும். சரிவாகவும் மாட்டலாம் என்பது ஒரு வசதி: தலைப்பக்கம் ஒரு துளை உயர்த்தினால், ராடு கழுத்துப் பக்கம் உருளாமல் வயிற்றுப் பக்கம் போகும். நான்கு தூண் ராக்குக்கு மட்டுமே இது பொருந்தும். எடை விழும்போது பட்டை தூண்களை உள்நோக்கி இழுக்கும் என்பதால் தூண்களை மேலும் கீழும் குறுக்குச் சட்டம் இணைத்திருக்க வேண்டும்.

ஸ்பாட்டர் ஆர்ம்

இரண்டு தூண் ஸ்டாண்டிலோ அரை ராக்கிலோ முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கைகள். இடம் குறைவாக உள்ளவர்களுக்கு இதுதான் வாய்க்கும். பெஞ்ச் பிரஸுக்குப் போதுமானது. ஸ்குவாட்டுக்கு எச்சரிக்கை வேண்டும். கையின் நுனியில் எடை விழுந்தால் முழு ஸ்டாண்டும் முன்பக்கம் கவிழப் பார்க்கும். தரையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். வாடகை வீடு, துளை போட முடியாது என்றால் பின்பக்கக் கால்களில் பிளேட்டுகளை ஏற்றி வையுங்கள். 60 செ.மீ.க்குக் குறைவான கைகள் ஸ்குவாட்டில் உதவாது, ஓர் அடி பின்னால் நகர்ந்தாலே ராடு கைக்கு வெளியே போய்விடும். நுனியில் மேல்நோக்கி வளைந்த தடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் விழுந்த ராடு உருண்டு தரைக்கு வரும்.

ஸ்மித் மெஷின்

தண்டவாளத்தில் ஓடும் ராடு, மணிக்கட்டைத் திருப்பினால் கொக்கி மாட்டிக்கொள்ளும். ஸ்பாட்டரே வேண்டாம் என்று சொல்லி விற்பார்கள். பாதிதான் உண்மை. கொக்கியை மாட்ட மணிக்கட்டில் தெம்பு இருக்க வேண்டும். அடியோடு களைத்தபோது அதுவே தவறும், சில சமயம் ஒரு பக்கம் மட்டும் மாட்டும். உண்மையான பாதுகாப்பு கீழே இருக்கும் இரண்டு ஸ்டாப்பர்கள். அவற்றை மார்பு உயரத்துக்கு ஏற்றி வைத்து யாரும் பயன்படுத்துவதில்லை, பல இடங்களில் துருவேறி அடியிலேயே ஒட்டிக்கிடக்கும். அசையாவிட்டால் அந்த மெஷினை சாதாரண பெஞ்சாகவே கருதுங்கள்.

எதை எடுப்பது

வீட்டில் தனியாகச் செய்கிறவர் நல்ல பெஞ்சையும் ராடையும் சற்றுத் தள்ளிப்போட்டாவது முதலில் நான்கு தூண் ராக்கும் ஸ்ட்ராப்பும் வாங்கட்டும். ஆளைத் தேட வேண்டியதில்லை. ஜிம்முக்குப் போகிறவர் ராக் காலியாகும் வரை காத்திருந்து, அதற்குள் பெஞ்சை இழுத்துப்போட்டு, தடுப்பையும் வைத்து ஸ்பாட்டரையும் கேட்கலாம். இரண்டும் சேர்ந்திருப்பதுதான் முழுமை. தடுப்பு இருக்கும் தைரியத்தில் ஸ்பாட்டர் அவசரப்பட்டுக் கை வைக்க மாட்டார், உங்கள் ரெப் உங்களுடையதாகவே இருக்கும். ஜிம்மில் ராக்கே இல்லை என்றால் மாஸ்டரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் வாங்குவார்கள். அதுவரை கனமான செட்டை டம்பல்ஸுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. தோற்றாலும் பக்கவாட்டில் இறக்கிவிடலாம்.

கடலோர ஊர்களில் உப்புக்காற்று பின்னையும் போல்ட்டையும் சீக்கிரம் தின்னும். மாதம் ஒருமுறை பின்னை உருவி எண்ணெய்த் துணியால் துடையுங்கள், போல்ட்டுகளை ஸ்பானரால் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். ஸ்ட்ராப்பில் தையல் நூல் பிரிந்திருக்கிறதா, ராடு உராயும் நடுப்பகுதியில் பஞ்சு போல எழும்பியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். மொட்டைமாடியில் ராக் வைத்திருப்பவர்கள் பட்டையைக் கழற்றி உள்ளே எடுத்துப்போக வேண்டும், வெயில் நைலானை உள்ளுக்குள்ளேயே நொய்ய வைக்கும். நிறம் வெளுத்து விறைத்துப் போயிருந்தால் தையல் நன்றாக இருந்தாலும் இரண்டு பட்டைகளையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் பழையதும் வெவ்வேறு அளவு தொய்யும்.